ஆர்டியு கண்ட்ரோல் அவுட்புட்: எந்தக் கருவிக்கு எந்த வகை, எவ்வளவு நேரப் பல்ஸ்

துணைமின் நிலைய ஆர்டியுவில் (ரிமோட் டெர்மினல் யூனிட்: கட்டுப்பாட்டு அறையின் கமாண்டுகளைக் கருவிகளுக்குக் கொடுத்து, அவற்றின் நிலையைத் திருப்பிச் சொல்லும் பெட்டி) ஒரு ஸ்டேட்டஸ் பாயின்ட் தவறினால் திரையில் நிறம் மாறித் தெரியும். கண்ட்ரோல் பாயின்ட் தவறினால் காயில் கருகும், இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத ஃபீடர் ஒன்று ட்ரிப் ஆகும். இருந்தும் பாயின்ட் லிஸ்ட் போடும்போது இன்புட்டுகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட அவுட்புட்டுக்குப் போவதில்லை. எல்லா கமாண்டுக்கும் "டபிள் கமாண்ட், 1 செகண்ட் பல்ஸ்" என்று ஒரே வரியை நகல் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். முக்கால்வாசி பாயின்ட்டுகளில் அது வேலை செய்துவிடுவதால்தான் மீதிக் கால்வாசியில் இருக்கும் தப்பு கண்ணில் படாமல் போகிறது.

வகையைத் தேர்ந்தெடுக்க புரோட்டோகால் புத்தகத்தைத் திறக்கும் முன், கருவியின் ஒயரிங் வரைபடத்தை எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்டியு கான்டாக்ட் மூடியபிறகு, அந்தச் சுற்றில் ஓடும் கரன்ட்டை நிறுத்தப்போவது யார்? பிரேக்கரின் ஆக்ஸிலியரி கான்டாக்டா, ஆர்டியுவின் டைமரா, பின்னால் வரும் இன்னொரு கமாண்டா? பதில் தெரிந்துவிட்டால் அவுட்புட் வகை, பல்ஸ் நீளம், ரிலேயின் திறன் மூன்றும் அதிலிருந்தே வந்துவிடும்.

பிரேக்கர்: ட்ரிப்பும் க்ளோஸும்

இதற்கு இரண்டு தனி ரிலேக்கள் கொண்ட பல்ஸ் அவுட்புட். ட்ரிப்புக்கு ஒன்று, க்ளோஸுக்கு ஒன்று. இரண்டும் மாஸ்டரில் (கட்டுப்பாட்டு அறைக் கணினியில்) ஒரே பாயின்ட்டின் இரு முனைகளாகத் தெரிய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் இழுக்காதபடி ஆர்டியுவுக்குள் இன்டர்லாக் இருக்க வேண்டும்.

110 வோல்ட் டிசி, 44 ஓம் ட்ரிப் காயில் என்று வைத்துக்கொண்டு மில்லி செகண்ட் கணக்கில் பார்ப்போம். காயிலில் 2.5 ஆம்பியர் ஓடும். கமாண்ட் வந்ததும் கார்டில் உள்ள ரிலே சுமார் 10 மில்லி செகண்டில் மூடுகிறது. அது இழுக்கும் இன்டர்போசிங் ரிலேக்கு (கார்டுக்கும் காயிலுக்கும் நடுவே நிற்கும் ரிலே) இன்னொரு 15. அதன் கான்டாக்ட் மூடியதும் காயிலில் கரன்ட் ஏறி, லாட்ச் விடுபட்டு, மெக்கானிசம் நகர்ந்து, பிரேக்கரின் 52ஏ ஆக்ஸிலியரி கான்டாக்ட் (பிரேக்கரோடு சேர்ந்து மூடி, சேர்ந்து திறப்பது) திறக்க மேலும் 40 முதல் 60 மில்லி செகண்ட். ஆக மொத்தம் 80 மில்லி செகண்டை ஒட்டி 52ஏ திறந்து காயில் கரன்ட்டை வெட்டிவிடுகிறது. ஆர்டியு பல்ஸ் 500 மில்லி செகண்ட் என்றால், அது முடியும்போது சுற்றில் கரன்ட்டே இல்லை. இன்டர்போசிங் ரிலே சும்மா திறக்கிறது.

இப்போது பல்ஸை 50 மில்லி செகண்டாகக் குறைத்துப் பாருங்கள். 52ஏ திறப்பதற்கு முன்பே இன்டர்போசிங் ரிலே விடுபடுகிறது. காயில் என்பது இண்டக்டிவ் லோடு, 2.5 ஆம்பியரை 110 வோல்ட் டிசியில் வெட்டும் வேலை சின்னக் கான்டாக்டின் தலையில் விழுகிறது. "250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர்" என்று உடம்பில் அச்சடித்த சாதாரண பிசிபி ரிலே, 110 வோல்ட் டிசியில் ரெசிஸ்டிவ் லோடையே சுமார் 0.3 ஆம்பியர் அளவுக்குத்தான் வெட்டும். இண்டக்டிவ் என்றால் இன்னும் குறைவு. ஏசியில் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் கரன்ட் பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் தானே அணையும். டிசியில் அந்தச் சலுகை கிடையாது. ஆர்க் நீண்டு, கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ட்ரிப் கான்டாக்ட் அடுத்த க்ளோஸில்தான் தெரியவரும்: பிரேக்கர் க்ளோஸ் ஆகும், உடனே ட்ரிப் ஆகும்.

ஆகவே பிரேக்கர் பல்ஸுக்கு 500 மில்லி செகண்ட் முதல் 1 செகண்ட். இதைவிட நீட்டுவதிலும் லாபமில்லை. மெக்கானிசம் சிக்கி 52ஏ திறக்காமல் போனால் காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ட்ரிப் காயில் குறுகிய நேரத்துக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. தொடர்ந்து சார்ஜில் இருந்தால் கருகிவிடும். 5 செகண்ட், 10 செகண்ட் பல்ஸ் கொடுத்து வைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

க்ளோஸ் பக்கம் கொஞ்சம் வேறு. ஸ்பிரிங் சார்ஜ் ஆகாத நேரத்தில் க்ளோஸ் பல்ஸ் போனால் ஒன்றும் நடக்காது. மோட்டார் ஸ்பிரிங்கைச் சார்ஜ் செய்து முடிக்க 10, 15 செகண்ட் ஆகலாம். அதற்காகப் பல்ஸை நீட்டாதீர்கள். "ஸ்பிரிங் சார்ஜ்டு" இன்புட்டை எடுத்து க்ளோஸ் கமாண்டுக்கு இன்டர்லாக் போடுங்கள். பல்ஸ் நீடிக்கும்போதே ஃபால்ட்டில் பிரேக்கர் ட்ரிப் ஆனால், மீண்டும் மீண்டும் க்ளோஸ் ஆகாமல் காப்பது பிரேக்கரில் உள்ள ஆன்டி பம்பிங் ரிலே. அது வேலை செய்கிறதா என்று ஆர்டியு கமிஷனிங்கின்போதே பார்த்துவிடுவது நல்லது. க்ளோஸ் கொடுத்துப் பிடித்தபடியே ட்ரிப் கொடுங்கள். பிரேக்கர் திறந்து, திறந்தபடியே நிற்க வேண்டும்.

ஐசொலேட்டர்

மோட்டார் ஐசொலேட்டரில் (சுற்றைப் பிளேடால் பிரித்துவைக்கும் ஸ்விட்ச்) முதலில் பார்க்க வேண்டியது, பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டருக்கு செல்ஃப் ஹோல்டு, அதாவது ஒருமுறை இழுத்தால் தானே பிடித்துக்கொள்ளும் வசதி, உண்டா என்பது. உண்டென்றால் 1 செகண்ட் பல்ஸ் போதும். மீதியை லிமிட் ஸ்விட்ச் முடித்துவைக்கும். இல்லையென்றால் பிளேடு முழுதாக நகரும் வரை கான்டாக்ட் மூடியிருக்க வேண்டும். நகரும் நேரம் 8 செகண்ட் என்றால் பல்ஸ் 12 செகண்டாவது வேண்டும். இதைக் கவனிக்காமல் 1 செகண்ட் கொடுத்தால் பிளேடு பாதி வழியில் நின்றுவிடும். ஐசொலேட்டரில் அதைவிட மோசமான நிலை வேறில்லை. அப்போது இரண்டு ஸ்டேட்டஸும் 00 காட்டும். ஆபரேட்டர் அதைக் கம்யூனிகேஷன் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

டேப் சேஞ்சர்

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைப் படிப்படியாக மாற்றும் கருவி இது. ரெய்ஸ், லோயர் இரண்டும் பல்ஸ்தான். ஆனால் இங்கே "எந்த நிலைக்கு" என்ற செய்தி கமாண்டில் இல்லை, "ஒரு படி" என்பதுதான் இருக்கிறது. பிரேக்கருக்கு ட்ரிப் இரண்டு முறை போனாலும் விளைவு ஒன்றே. ரெய்ஸ் இரண்டு முறை போனால் இரண்டு டேப் ஏறும். எனவே ரெய்ஸ், லோயர் கமாண்டுகளுக்கு மாஸ்டரிலோ இடையில் உள்ள கேட்வேயிலோ தானியங்கி மறுமுயற்சி இருக்கவே கூடாது. பதில் வரவில்லை என்றால் டேப் பொசிஷனைப் படித்துப் பார்த்துவிட்டு மனிதர் முடிவு செய்யட்டும்.

பல்ஸ் 500 மில்லி செகண்ட் முதல் 1 செகண்ட். மோட்டார் டிரைவில் ஸ்டெப் பை ஸ்டெப் கண்ட்ரோல் சரியாக இருந்தால் பல்ஸ் எவ்வளவு நீண்டாலும் ஒரு படியோடு நிற்கும். பழைய டிரைவுகளை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம். "டேப் சேஞ்ச் நடக்கிறது" என்ற கான்டாக்டை இன்புட்டாக எடுத்து, அது மூடியிருக்கும் வரை அடுத்த கமாண்டை ஆர்டியுவே மறுக்கும்படி லாஜிக் போடுங்கள். ஒரு படி முடிய சில செகண்டுகள் ஆகும். பொறுமையிழந்த விரல் அதற்குள் மூன்று முறை அழுத்திவிடும்.

லாட்ச் அவுட்புட்

ஆட்டோ ரீக்ளோஸ் (ட்ரிப் ஆன பிரேக்கரைத் தானே மீண்டும் மூடுவது) இன் மற்றும் அவுட், ஏவிஆர் (தானியங்கி வோல்ட்டேஜ் ரெகுலேட்டர்) ஆட்டோ மற்றும் மேனுவல், லோடு ஷெட்டிங் அனுமதி போன்றவை நிலையைப் பிடித்துவைக்க வேண்டியவை. இவற்றை ஆர்டியு கார்டின் சாதாரண ரிலேயில் லாட்ச் ஆக வைப்பது சுலபமான வழி, தவறான வழியும் அதுவே. ஆர்டியு ரீஸ்டார்ட் ஆனால் அந்த ரிலே விடுபடும். யாரும் கேட்காமலேயே ஆட்டோ ரீக்ளோஸ் அவுட் ஆகிவிடும். ரீஸ்டார்ட்டுக்குப் பின் பழைய நிலையை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் ஆர்டியுக்களும் உண்டு. அதற்கும் ஒரு ஆபத்து: நடுவில் பேனலில் ஒருவர் கையால் மாற்றியிருந்தால் ஆர்டியு அதை மறுபடி மாற்றிவிடும்.

பேனலில் ஒரு பைஸ்டேபிள் ரிலேயைப் போட்டு, அதன் செட் காயிலுக்கும் ரீசெட் காயிலுக்கும் தனித்தனிப் பல்ஸ் கொடுங்கள். நிலையை நினைவில் வைப்பது அந்த ரிலேயின் வேலை. ஆர்டியு செத்துப்போனாலும் நிலை மாறாது. அதன் உபரிக் கான்டாக்டிலிருந்து ஸ்டேட்டஸை எடுத்தால் திரையில் தெரிவது உண்மை நிலையாக இருக்கும்.

உண்மையான லாட்ச் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: ஆர்டியு செத்தால் கமாண்டும் சாக வேண்டும் என்று நாமே விரும்பும் இடம். "ரிமோட் கண்ட்ரோல் உயிரோடு இருக்கிறது" என்று ஜெனரேட்டர் கண்ட்ரோலருக்குச் சொல்லும் கான்டாக்ட் அப்படிப்பட்டது.

அனலாக் செட்பாயின்ட்

ஜெனரேட்டர் எவ்வளவு மெகாவாட் தர வேண்டும் என்று கேட்கும் செட்பாயின்ட்டை 4 முதல் 20 மில்லி ஆம்பியர், 0 முதல் 100 மெகாவாட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 60 மெகாவாட் கேட்டால் 4 + 16 × 0.6 = 13.6 மில்லி ஆம்பியர் வர வேண்டும். நார்மலைஸ்டு மதிப்பாக (முழு அளவின் பின்னமாக) அனுப்பினால் 0.6 × 32768, அதாவது 19661. மாஸ்டரில் யாராவது ஸ்கேலை 0 முதல் 120 என்று வைத்திருந்தால் 60 மெகாவாட் 0.5 ஆகி, களத்தில் 12 மில்லி ஆம்பியர் வரும், யூனிட் 50 மெகாவாட்டுக்கு இறங்கும். எந்த அலாரமும் அடிக்காது. இந்தச் சண்டையைத் தவிர்க்க, இயன்றால் ஷார்ட் ஃப்ளோட்டிங் பாயின்ட் (தசம எண்) வகையில் மெகாவாட்டையே அனுப்புங்கள். ஸ்கேலிங் ஆர்டியுவில் ஒரே இடத்தில் நடக்கட்டும். சோதிக்கும்போது 0, 50, 100 சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது. 25, 75 சதவீதத்திலும் லூப்பில் மீட்டரை வைத்துப் படியுங்கள்.

லூப் ரெசிஸ்டன்ஸையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கார்டு 12 வோல்ட் வரை மட்டுமே தள்ளும் என்றால் 20 மில்லி ஆம்பியருக்கு 600 ஓம்தான் எல்லை. 250 ஓம் இன்புட், ஒரு சிக்னல் ஐசொலேட்டர், ஒரு டிஸ்ப்ளே மீட்டர், நீண்ட கேபிள் என்று தொடரில் சேர்த்துக்கொண்டே போனால் 15, 16 மில்லி ஆம்பியர் வரை சரியாக வந்து அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும். குறைந்த லோடில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

செட்பாயின்ட்டை முடித்துவைப்பவர் யாரும் இல்லை என்பதுதான் இதன் தனிக்குணம். அடுத்த மதிப்பு வரும்வரை பழையது நிற்கும். ஆகவே ஆர்டியு ரீஸ்டார்ட் ஆகும்போது அவுட்புட் எங்கே போகிறது என்பதைச் சப்ளையை ஆஃப் செய்து, ஆன் செய்து பார்த்தே தீர வேண்டும். 4 மில்லி ஆம்பியருக்குப் போனால் கண்ட்ரோலர் அதைப் பூஜ்ய மெகாவாட் என்று நம்பும். மதிப்போடு கூட மேலே சொன்ன "உயிரோடு இருக்கிறது" கான்டாக்டையும் கொடுத்து, அது விழுந்தால் கண்ட்ரோலர் கடைசி மதிப்பிலேயே நிற்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

செட்பாயின்ட் வாங்கத் தெரியாத பழைய கவர்னர்களுக்கு (ஜெனரேட்டரின் பவரைக் கட்டுப்படுத்தும் கருவி) ரெய்ஸ், லோயர் பல்ஸ்தான். ஆனால் பல்ஸின் அகலமே அளவு. கவர்னர் செகண்டுக்கு 1 மெகாவாட் நகர்த்தும் என்றால் 3 மெகாவாட்டுக்கு 3 செகண்ட். ஆர்டியுவின் டைமர் 100 மில்லி செகண்ட் படிகளில் ஓடினால் 0.1 மெகாவாட்டுக்குக் குறைவாக எதையும் கேட்க முடியாது.

ஒயரிங்

ஆர்டியு கார்டிலிருந்து நேராக ட்ரிப் காயிலுக்குப் போகாதீர்கள். நடுவில் ஹெவி டியூட்டி இன்டர்போசிங் ரிலே, அதன் டிசி மேக், பிரேக் திறன் இரண்டையும் டேட்டாஷீட்டில் பார்த்து வாங்கியதாக இருக்கட்டும். அந்த ரிலேயின் காயில் பாதி வோல்ட்டேஜில் இழுக்கக் கூடாது. காரணம் இது: நடுப்புள்ளி எர்த் போல அமைந்த 110 வோல்ட் பேட்டரியில், கான்டாக்டுக்கும் காயிலுக்கும் இடையேயுள்ள ஒயர் எங்காவது எர்த்தைத் தொட்டால் காயிலின் குறுக்கே சுமார் 55 வோல்ட் வந்துவிடும். 40 வோல்ட்டிலேயே இழுக்கும் துடிப்பான ரிலே அப்போது யாரும் கமாண்ட் கொடுக்காமலே பிரேக்கரைத் தட்டிவிடும். பெயரளவு வோல்ட்டேஜில் 60 சதவீதத்துக்கு மேல் இழுக்கும் ரிலே என்று கேட்டு வாங்குங்கள்.

சிங்கிள் போல் இணைப்பில் ஒரு கான்டாக்ட் ஒட்டினாலே கமாண்ட் போய்விடும். டபிள் போலில் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஆர்டியு திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை போல்: ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரு பக்கம் தனி ரிலே, மறுபக்கம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ரிலே. பிரேக்கர் கமாண்டுகளுக்கு ஒன்றரை போலுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

நல்ல ஆர்டியுக்களில் பலவற்றில் ஒன்று (1-அவுட்-ஆஃப்-என்) சோதனை இருக்கும். கமாண்டை வெளியிடும் முன் சுற்றின் ரெசிஸ்டன்ஸை அளந்து, ஒரே ஒரு காயில்தான் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும். வேறொரு ரிலே ஒட்டியிருந்தால் ரெசிஸ்டன்ஸ் பாதியாகக் குறையும், கமாண்ட் நிற்கும். இதை இயக்கினால் இன்டர்போசிங் ரிலேக்கள் எல்லாம் ஒரே காயில் ரெசிஸ்டன்ஸ் உள்ளவையாக இருக்க வேண்டும். பின்னால் யாரோ மாற்றிய வேறு கம்பெனி ரிலேயோ, சாக்கெட்டில் செருகிய எல்இடி மாட்யூலோ போதும், அந்த ஒரு ஃபீடர் மட்டும் கமாண்டை மறுக்கத் தொடங்கும். எரிச்சலில் சோதனையையே ஆஃப் செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ரிலேயை மாற்றுங்கள், சோதனையை விட்டுவையுங்கள்.

இன்டர்போசிங் ரிலே காயிலின் குறுக்கே 1என்4007 டயோட் போடலாம், கேத்தோடு பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் முதல் கமாண்டிலேயே ஷார்ட் சர்க்யூட். கார்டு கான்டாக்ட் ஒட்டும் அல்லது ஃபியூஸ் போகும். டயோட் ரிலே விடுபடும் நேரத்தை நீட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

லோக்கல்/ரிமோட் ஸ்விட்சின் கான்டாக்ட், ஆர்டியு கமாண்டின் பொது ஒயரிலேயே தொடராக வர வேண்டும். சாஃப்ட்வேரில் மட்டும் தடுப்பது, பேனலுக்குள் கை வைத்து வேலை செய்பவருக்குப் போதாத பாதுகாப்பு. இன்னொரு கான்டாக்ட் ஸ்டேட்டஸாக ஆர்டியுவுக்குப் போகட்டும். அப்போதுதான் லோக்கலில் இருக்கும்போது கமாண்ட் காரணத்தோடு மறுக்கப்படும்.

புரோட்டோகால் பக்கம்

ஐஇசி 60870-5-104இல் சிங்கிள் கமாண்ட் டைப் 45, டபிள் 46, ரெகுலேட்டிங் ஸ்டெப் 47, செட்பாயின்ட் 48 (நார்மலைஸ்டு), 49 (ஸ்கேல்டு), 50 (ஷார்ட் ஃப்ளோட்). பிரேக்கருக்கு 46, டேப்புக்கு 47. டபிள் கமாண்டில் 1 என்றால் ஆஃப், 2 என்றால் ஆன். 0, 3 இரண்டும் செல்லாது. ஒரு பிட் புரண்டாலும் கமாண்ட் எதிர்ப்பக்கம் மாறாது என்பதால்தான் பிரேக்கருக்கு டபிள்.

கமாண்ட் பைட்டைக் கையால் பிரித்துப் படிக்கப் பழகுவது பலமுறை உதவும். கீழ் இரண்டு பிட் ஆன், ஆஃப். அடுத்த ஐந்து பிட் பல்ஸ் வகை: 0 என்றால் குறிப்பிடவில்லை, 1 ஷார்ட் பல்ஸ், 2 லாங் பல்ஸ், 3 நிலைத்த அவுட்புட். மேல் பிட் 1 என்றால் செலக்ட் (பாயின்ட்டைத் தேர்வு மட்டும் செய்வது), 0 என்றால் எக்ஸிக்யூட் (உண்மையில் இயக்குவது). ஷார்ட் பல்ஸ் ஆன், செலக்ட்: ஹெக்ஸ் 86. அதற்கான எக்ஸிக்யூட்: ஹெக்ஸ் 06. ட்ரேஸில் 86 போய், பின்னால் 02 போனால் மாஸ்டர் எக்ஸிக்யூட்டில் பல்ஸ் வகையை விட்டுவிட்டது என்று அர்த்தம். கறாரான ஆர்டியு அதை மறுக்கும். ஷார்ட், லாங் என்பவை எத்தனை மில்லி செகண்ட் என்று ஸ்டாண்டர்டு சொல்வதில்லை, ஆர்டியுவில்தான் வைக்க வேண்டும். 0 வந்தால் எந்த நேரம் என்பதும் அங்கேதான்.

பதிலில் காரணக் குறியீடு 7 ஏற்பு; ஹெக்ஸ் 47 என்றால் மறுப்பு. 10 வந்தால் வேலை முடிந்தது. 44 முதல் 47 வரை டெசிமலில் வந்தால் டைப், காரணம், பொது முகவரி, ஆப்ஜெக்ட் முகவரி இவற்றில் ஒன்று ஆர்டியுவுக்குத் தெரியாதது. ஹெக்ஸ் 47, டெசிமல் 47 இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள் முழுவதும் முகவரியைத் தேடுவது வெகு சாதாரணமாக நடக்கிறது. நேர முத்திரையுள்ள 58, 59 டைப்புகளைப் பயன்படுத்தினால் வழியில் தேங்கிய பழைய கமாண்டை ஆர்டியு தூக்கி எறிந்துவிடும். ஆனால் கடிகாரம் பிசகினால் நல்ல கமாண்டும் போய்விடும்.

டிஎன்பி3 புரோட்டோகாலில் கமாண்டுக்குக் குரூப் 12, வேரியேஷன் 1. ட்ரிப், க்ளோஸ் ஜோடிக்கு ஒரே பாயின்ட் என்றால் க்ளோஸ் ஹெக்ஸ் 41, ட்ரிப் ஹெக்ஸ் 81. லாட்ச் ஆன் 03, லாட்ச் ஆஃப் 04. கவுன்ட் 1 இருக்க வேண்டும். 0 அனுப்பினால் ஒன்றும் நடக்காது. ஆன் டைம் மில்லி செகண்டில் மாஸ்டரே அனுப்புகிறது. சில ஆர்டியுக்கள் அதைக் கேட்கும், சில தன் சொந்த அமைப்பையே பின்பற்றும். உங்களுடையது எது என்று ஆன் டைமை 200, 2000 என மாற்றி அளந்து பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்டேட்டஸ் 2 என்றால் செலக்ட் இல்லை, 4 என்றால் அந்த வகை ஆதரவில்லை, 7 என்றால் லோக்கலில் இருக்கிறது. 2 அடிக்கடி வந்தால் செலக்டுக்கும் ஆபரேட்டுக்கும் (இங்கே எக்ஸிக்யூட்டின் பெயர்) நடுவில் மாஸ்டர் தகவல் கேட்கும் வேறொரு செய்தியை (poll) அனுப்புகிறதா என்று பாருங்கள். ஆபரேட்டின் வரிசை எண் செலக்டைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அச்சுப்பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

ஆள் அழுத்தி இயங்கும் எந்த பிரேக்கர், ஐசொலேட்டர் கமாண்டுக்கும் செலக்ட் பிஃபோர் ஆபரேட் கட்டாயம். செலக்ட் டைம் அவுட் 10 முதல் 30 செகண்டுக்குள் இருக்கட்டும். விநாடிக்கு விநாடி நகரும் செட்பாயின்ட்டுக்கு டைரக்ட் போதும். அங்கே செலக்ட் வெறும் சுமை.

சோதனை

டெர்மினல் ப்ளாக்கில் டிஸ்கனெக்ட் லிங்க்கைத் திறந்து, பிரேக்கருக்குப் பதிலாக ஒரு பைஸ்டேபிள் ரிலேயை டம்மி பிரேக்கராகக் கட்டுங்கள். ட்ரிப் கொடுத்தால் ஒரு பக்கம், க்ளோஸ் கொடுத்தால் மறுபக்கம். அதன் கான்டாக்ட் ஸ்டேட்டஸாகத் திரும்பி வரும். முழுச் சுழற்சியையும் லைனைத் தொடாமல் பார்த்துவிடலாம். பின் வரிசையாக:

1. ரிலே டெஸ்ட் கிட்டின் டைமரால் பல்ஸ் அகலத்தை இன்டர்போசிங் ரிலேயின் கான்டாக்டில் அளக்கவும், கார்டில் அளக்க வேண்டாம்.
2. செலக்ட் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும். டைம் அவுட் ஆன பின் எக்ஸிக்யூட் மறுக்கப்பட வேண்டும்.
3. செலக்டுக்குப் பின் கம்யூனிகேஷன் கேபிளைப் பிடுங்கி, மீண்டும் செருகி எக்ஸிக்யூட் கொடுக்கவும். இதுவும் மறுக்கப்பட வேண்டும்.
4. இரண்டு மாஸ்டர் இருந்தால், ஒன்றில் செலக்ட், மற்றதில் எக்ஸிக்யூட்.
5. லோக்கலில் வைத்துக் கமாண்ட். திரையில் காரணம் தெரிகிறதா என்றும் பார்க்கவும்.
6. ஆர்டியு சப்ளையைப் பத்து முறை ஆஃப், ஆன் செய்யவும். ஒரு முறைகூட எந்த அவுட்புட்டும் கண் சிமிட்டக் கூடாது.
7. ஒரு கமாண்ட் கொடுக்கும்போது அந்த ஒன்று மட்டும் இழுக்கிறதா என்று கார்டின் மற்ற எல்லா அவுட்புட்டுகளையும் கவனிக்கவும்.

ஃபீட்பேக் டைம் அவுட்டைக் கருவிக்கேற்ப வையுங்கள்: பிரேக்கருக்கு 3 முதல் 5 செகண்ட், ஐசொலேட்டருக்கு நகரும் நேரத்தின் இரு மடங்கு, டேப்புக்கு 15 செகண்ட். எல்லாவற்றுக்கும் 5 செகண்ட் என்று விட்டால் ஐசொலேட்டர் ஒவ்வொரு முறையும் "கமாண்ட் தோல்வி" காட்டும். பத்து முறை பொய்யாகப் பார்த்த ஆபரேட்டர் பதினோராவது முறை, பிளேடு பாதியில் நிற்கும்போதும், அந்த அலாரத்தை அக்னாலெட்ஜ் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.